கரைக்கு ஒதுக்கிய ஆயிரம் பொன்

வெள்ளாற்றூரை மருதப்பெருமாள் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். காதில் விழுவதெல்லாம் நடந்துவிட்டதாக நம்பிவிடுவார், அதுதான் குறை. நிதி மந்திரி கனகசபாபதிக்கு அந்தக் குறையே போதும்.

வருஷாவருஷம் ஆனி மாதம் மந்திரி வரவுசெலவுத் திட்டத்தை வாசிப்பார். "ஒட்டங்குளம் ஏரிக்கரையைச் செப்பனிட ஆயிரம் பொன் ஒதுக்கப்படுகிறது." சபை கைதட்டும். ராஜாவுக்குக் கண் கலங்கிவிடும். கரையில் மட்டும் ஒரு கூடை மண் விழாது.

ஐந்தாம் வருஷம் ஐப்பசி நெருங்கியதும் ஒட்டங்குளத்துக் காமாயி சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, கரை விரிசல் விட்டிருச்சு. இந்த மழைக்கு உடைஞ்சா எங்க கீழத்தெருவே போயிரும். எம்புள்ளைங்க அங்கதான் படுத்திருக்கு."

மந்திரி ஓலையைத் தூக்கிக் காட்டினார். "ஐந்து வருஷமாக ஒதுக்கியிருக்கிறோம். இந்த ஜனங்களுக்கு நன்றியே கிடையாது."

"அதுதான் ஒதுக்கியாச்சே, அம்மா" என்றார் ராஜாவும்.

வாய்த்துடுக்குக்குப் பேர்போன சாத்தப்பன் சபையில் எழுந்தான். "சாப்பாட்டு வேளை, அரசே. மீதியைப் பந்தியில் பேசலாம்."

எல்லாருக்கும் இலை போட்டார்கள். ராஜா புளிக்குழம்பில் கிடந்த மிளகாயையும் கறிவேப்பிலையையும் விரலால் ஓரத்துக்குத் தள்ளினார்.

"என்ன செய்கிறீர்கள், அரசே?" என்றான் சாத்தப்பன்.

"பார்த்தால் தெரியவில்லையா? ஒதுக்குகிறேன்."

"ஒதுக்கினது வயிற்றுக்குப் போகுமா?"

"எப்படிப் போகும்? இலையோடு போகும்."

"கரைக்கு ஒதுக்கிய பொன்னும் இலையோடுதான் போயிருக்கிறது. இலையை எடுத்தவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறார்."

மந்திரிக்குப் புரையேறியது. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "இப்போதே கரைக்கு இரண்டாயிரம் பொன் ஒதுக்..."

காமாயி பதறிப்போனாள். "வேண்டாஞ் சாமி, இன்னமும் ஒதுக்காதீங்க."

"ஒன்றே ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள், அரசே" என்றான் சாத்தப்பன். "கீழத்தெருவில், விரிசலுக்கு நேர் கீழே, மந்திரி குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீடு. இன்றைக்கே போகட்டும்."

ராஜா ஒதுக்கினார்.

எட்டே நாளில் கரை எழும்பிவிட்டது. செலவு மந்திரியின் சொந்தப் பணம். கூலியாட்கள் போதவில்லை என்று, அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சுமந்தார். ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. காமாயியின் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

இதைக் கேட்ட ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சாத்தப்பனுக்கு நூறு பொன் பரிசு என்றார். ஒதுக்கவில்லை, கையிலேயே கொடுத்தார்.