மொச்சுவின் குரல் இருந்த போன்

ஆள் நடமாட்டம் நின்றுபோன ஒரு காட்டில் பூவரசி என்றொரு மந்தி இருந்தது. அதனிடம் ஒரு பழைய ஸ்மார்ட்போன் இருந்தது. மலை ஏற வந்த யாரோ தவறவிட்டுப் போனது. கண்ணாடியெல்லாம் கீறல். பின்மூடியில் பாதியைக் காணோம்.

பூவரசி அதில் விளையாடவில்லை, பிள்ளைகளே. படம்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அதன் குட்டி மொச்சுவின் குரல் இருந்தது. ஒருநாள் போனை எடுத்து நோண்டி, தன் குரலைத் தானே பதிந்து வைத்த வாலு அது. "யம்மா, மேல வா! நான்தான் முதல்ல!" என்றொரு கத்தல். பிறகு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

போன மழையில் ஓடை பெருகி மொச்சுவை அடித்துக்கொண்டு போய்விட்டது. குரல் மட்டும் மிஞ்சியது.

தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் பூவரசி இரை தேடப் போகும். ஆனால் போன் வரவர மந்தமாகிவிட்டது. அமுக்கினால், ஒரு விளாம்பழத்தை உடைத்துத் தின்று வாயைத் துடைக்கும்வரை பேசாது. பேசினாலும் "யம்மா, மேல..." என்று பாதியில் நின்றுவிடும். திரையில் 'இடம் போதவில்லை' என்று வேறு காட்டும். இது ஒரேயடியாக அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று பூவரசி அதைக் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டே திரிந்தது.

அந்தப் பக்கமாகச் சூரன் என்ற கீரி வந்தது. அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துப் பேசுவதில் அதற்கு இணை அதுதான்.

"அக்கா, இதெல்லாம் கம்பெனிக்காரன் உள்ளே அடைச்சு அனுப்பின குப்பை. கடை, வானிலை, பந்தாட்டம்... நீ அழிச்சாலும் போகாது. ரூட் பண்ணணும். அவன் போட்ட பூட்டைத் திறந்துட்டா, அப்புறம் போனுக்கு நீதான் முதலாளி. குப்பையை அள்ளி வீசிடலாம். போன் பறக்கும்!"

"நீ பண்ணியிருக்கியா, தம்பி?"

"பண்ணினதில்லை. கூடாரம் போட்டிருந்த பசங்க பண்ணும்போது புதருக்குள்ள இருந்து பார்த்தேன். பார்த்தா போதாதா?"

இரண்டும் வனக்காவலர் கைவிட்டுப் போன கொட்டகைக்குப் போயின. அங்கே ஒரு பழைய கணினி இருந்தது. கூரைமேல் இருந்த சூரியத் தகட்டில் வெயில் இருக்கும்வரை அது ஓடும். பூவரசி போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அங்கேதான். கொட்டகைக்கு அடியில் கருப்பாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்காத ரகம் அது.

"வாங்க கொழுந்தனாரே! இன்னிக்கு எதை உடைக்கிறதா உத்தேசம்?" என்றது.

"சும்மா வேடிக்கை பாருங்க மதினி," என்று சூரன் போனைக் கணினியில் செருகியது.

கணினி கண்டுகொள்ளவே இல்லை. சூரன் தலையைச் சொறிந்தது. "இந்தக் கேபிள் சார்ஜ் ஏத்த மட்டும்தான் ஆகும். வேற எடு." மேசைக்கு அடியில் கிடந்த தடித்த கேபிளை மாட்டியதும் கணினி 'கிணிங்' என்றது. பூவரசி குதித்தது.

அடுத்து, 'அனுமதி இல்லை' என்று ஒரு பிழை வந்தது. போனில் ஒரு கேள்விப் பெட்டி முளைத்தது. 'இந்தக் கணினியை நம்பலாமா?'

"ஆமான்னு அமுக்கு அக்கா." அமுக்கியதும் பிழை போய்விட்டது. மறுபடி ஒரு பெட்டி. மறுபடி ஆமாம். அதுவும் சரியானது. பூவரசிக்கு விரலில் ஒரு தைரியம் வந்துவிட்டது.

"பூவரசி மதினி," என்றது கருப்பாயி. "கணினிக்குத்தான் போன் தெரிஞ்சுபோச்சே. முதல்ல பிள்ளை குரலை இந்தப் பக்கம் ஒரு நகல் எடுத்து வையேன்."

"இது போற வேகத்துக்கா?" என்று சூரன் சிரித்தது. "நகல் ஏறுறதுக்குள்ள வெயில் இறங்கிடும். கணினி படுத்துடும்."

"படுத்தா என்ன? மிச்சத்தை நாளைக்குப் பண்ணுங்க."

பூவரசி போனைப் பார்த்தது. திரை ஒருமுறை மங்கி எரிந்தது. "நாளை வரைக்கும் இது தாங்குமோ என்னமோ, கருப்பாயி. இன்னிக்கே முடிச்சுடுறேன்."

கடைசியாக ஒரு பிழை வந்தது. 'பூட்டு திறக்கப்படவில்லை.' சூரன் எதையோ தட்டியது. போன் திரையில் பொடி எழுத்தில் நீளமாக ஏதோ வந்தது. கீழே, ஆமாம் என்றால் ஒலி கூட்டும் பொத்தானை அமுக்கச் சொல்லியிருந்தது.

கருப்பாயி மூக்கை ஒட்டவைத்து எழுத்துக்கூட்டிப் படித்தது. "பூட்டைத்... திறந்தால்... போனில் உள்ள... உங்கள்..."

"இதெல்லாம் வழக்கமா வர்றதுதான், அமுக்கு அக்கா!"

பூவரசி அமுக்கியது.

திரை அணைந்தது. வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு பளிச்சென்று எரிந்தது. சூரன் மிச்ச வேலையையும் முடித்தது. பிழையே வரவில்லை. குப்பையெல்லாம் போயிற்று. தொட்டால் திறந்தது, தள்ளினால் ஓடியது.

"பார்த்தியா! புதுப் போன் தோத்துடும்!" என்று சூரன் வாலைச் சுழற்றியது.

பூவரசி குரல் இருந்த இடத்தைத் திறந்தது. மூடித் திறந்தது. "தம்பி, மொச்சுவை எங்கே வச்சிருக்கே?"

சூரன் தேடியது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. கடைசியில் அதன் வால் தரையில் விழுந்தது.

"பூட்டைத் திறந்தா உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும் போல அக்கா. அந்தப் பசங்க போன்ல முன்னாடியே ஒண்ணும் இல்லை. அதான் எனக்குத் தெரியலை. எல்லாப் பிழையையும் சரி பண்ணிட்டேனேக்கா..."

பூவரசி அதைத் திட்டவில்லை. "நீ சொன்னே. அமுக்கினது என் விரல்தானே," என்றது.

சூரன் வாலை இழுத்துக்கொண்டு வெளியேறியது. கருப்பாயி முள் குத்தாதபடி மடக்கிக்கொண்டு, பூவரசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

வெயில் இறங்கியது. கணினி அணைந்தது. பூவரசி கண்ணை மூடி எதையோ உற்றுக் கேட்டது. மூச்சை அடக்கிக் கேட்டது.

"கருப்பாயி, பிள்ளை சொன்னது ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. அந்தக் குரல்தான் காதுக்குள்ள வரமாட்டேங்குது."

நீதி: இழந்தால் திரும்பாத ஒன்று உள்ளே இருந்தால், அதை முதலில் பத்திரப்படுத்து, பழுது பார்ப்பது பிறகு.