காவி பூசிய ஊதுகுழாய்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலையில் என் மீசை ஆட்டுத்தாடியாகட்டும்! சத்தியம், அத்தனையும் சத்தியம்.

நெடுங்குன்றத்து ராஜா வீரவிடங்கருக்கு இரும்பு உருக்கும் உலை ஒன்று இருந்தது. அதன் மேலே பறக்கிற காக்கை வறுவலாகத்தான் தரைக்கு வரும். துருத்திக் காற்றை உலையின் வயிற்றுக்குள் கொண்டுபோக ஒரு மண்குழாய் வேண்டும். எந்தக் குழாயை வைத்தாலும் ஒரு வாய் வெற்றிலை மெல்வதற்குள் பாகாய் ஒழுகிவிடும்.

கடைசியில் சிலம்பாயி என்ற குயத்தி ஒரு குழாய் கொண்டுவந்தாள். வெள்ளைக் களியை ஏழு தண்ணீரில் அலசி, மணலோ செம்மண்ணோ ஒரு பொட்டு ஒட்டாமல் நீக்கிச் சுட்ட குழாய். சங்கு மாதிரி வெளுப்பு. பத்து நாள் உலையில் கிடந்துவிட்டு, குளித்து வந்த மாப்பிள்ளைபோல வெளியே வந்தது.

"இன்னும் மூன்று கொண்டா!" என்றார் ராஜா.

அரண்மனைச் சாமானைப் பிரதானி அம்பலத்தரையர் சும்மா விடுவாரா? செங்காவியைக் குழைத்து, ராஜாவின் முப்பத்திரண்டு பட்டப்பெயர்களையும் குழாய் நெடுக எழுதவைத்தார். மூன்று குழாயும் ஒன்றன்பின் ஒன்றாக உலைக்குப் போயின. உச்சிவேளைக்குள் மூன்றும் ஒழுகின.

"மகாராஜாவை ஏமாற்றி மட்ட மண்ணில் செய்திருக்கிறாள்! இவள் கையை வெட்டவேண்டும்!" என்று சபையில் குதித்தார் பிரதானி.

"ஏழு தண்ணி அலசினேன் சாமி. இந்தக் கை போனா மூணு பிள்ளைக்கும் சோறு போச்சு" என்று அழுதாள் சிலம்பாயி.

சபையில் உய்யவந்தான் என்று ஒரு விகடன். அவன் மிஞ்சிய துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காவி பட்ட இடமெல்லாம் கண்ணாடியாய் வழிந்திருந்தது. படாத இடம் இன்னும் சங்குதான். அவனுக்கு விளங்கிவிட்டது. இவள் அலசி எறிந்த செம்மண்ணைத்தான் பிரதானி காவி என்று திரும்பப் பூசியிருக்கிறார்! ஆனால் எப்படிச் சொல்வது? 'மகாராஜா, தங்கள் பெயர்தான் குழாயைக் கெடுத்தது' என்றால் அவளுக்குக் கை போகும், இவனுக்குத் தலை போகும்.

"மகாராஜா, இவள் சேர்த்துச் சுட்டதில் எழுதாத குழாய் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில் பிரதானியாரின் பெயரை எழுதி உலையில் வைப்போம்" என்றான்.

பிரதானி திடுக்கிட்டார். "என் பெயரையா? எதற்கு ஓய்?"

"மண்ணைச் சோதிக்கத்தான் சாமி. மகாராஜாவின் பெயரைத் தாங்காத மண், உங்கள் பெயரைத் தாங்குகிறதா பார்ப்போமே."

"தாங்கிவிட்டால்?"

"மகாராஜாவை மிஞ்சிய பெயர் உங்களுடையது என்று ஊரே பேசும்."

பிரதானியின் கை தானாகக் கழுத்தைத் தடவியது. "உருகிவிட்டால்?"

"அதுவும் நல்லதுதான். இரண்டு பெயரையும் எழுதிய காவி யார் கொடுத்தது என்று விசாரிக்கலாம்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "கொண்டுவா காவியை!"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா!" என்று அலறினார் பிரதானி. "நெருப்புக்குள் கிடக்கிற சாமானுக்குப் பெயர் எதற்கு? உள்ளே போய் யார் படிக்கப்போகிறார்கள்? வெறுங்குழாயாகவே வைக்கச் சொல்லுங்கள்!"

"பிரதானியாரின் உத்தரவு. எல்லாரும் கேட்டீர்கள்" என்று சபையைப் பார்த்துக் கும்பிட்டான் உய்யவந்தான்.

வெறுங்குழாய் உலைக்குள் போனது. பத்து நாள் கழித்து வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. பிரதானி வெட்டச் சொன்ன சிலம்பாயியின் கையில் ராஜா தம்முடைய கங்கணத்தைக் கழற்றிப் போட்டார். பிறகு உய்யவந்தானைப் பக்கத்தில் அழைத்தார்.

"உண்மையைச் சொல்லடா. உருகியது என் பெயரா, பிரதானியின் காவியா?"

"பெயரை விடுங்கள், காவியையும் விடுங்கள் மகாராஜா. இரும்புகூட உலைக்குள் போனால்தான் உருகுகிறது. நம் பிரதானியார் சபையில் நின்றபடியே உருகிவிட்டாரே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைத் தாங்கிப் பிடித்தவர், பாவம், பிரதானியேதான்.

அவருடைய வாரிசுகள் இன்னும் இந்தப் பக்கத்தில் பெரிய பெரிய பதவியில் இருக்கிறார்கள். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், புண்ணியமாகப் போகும், மூச்சு விடாதீர்கள்.