பெருமை மட்டும் போதும் என்றவர்

ராணுவத் தளபதியின் ஆட்சி கவிழ்ந்து ஒன்பது வருஷம் கழித்து, அவருக்கு மேடைப் பேச்செல்லாம் எழுதிக் கொடுத்த தணிகாசலம் தன் நினைவுகளைப் புத்தகமாக்க உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வந்தவள் செங்கமலம்.

"இதோ பாரும்மா, என் பதவியோட பெருமை முழுசும் வரணும். அந்த ஆட்சியோட பழி மட்டும் ஒரு துளிகூட என்மேல ஒட்டக் கூடாது. அப்படி அடி," என்றார்.

செங்கமலம் பணிவாகத் தலையாட்டினாள். "அப்படின்னா, 'என்னை அங்கே யாரும் மதிக்கலை, எந்தக் காகிதத்தையும் கண்ணில் காட்டலை'ன்னு ஆரம்பிக்கலாமா ஐயா?"

தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்து என்ன சொல்றே? நான் படிச்சுத் திருத்தாம ஒரு காகிதம் அந்த மாளிகையைத் தாண்டினது கிடையாது!"

"கைதானவங்க பட்டியல்கூடவா?"

"அதுவும்தான்!"

ஒரு சொல் விடாமல் அடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "துறைமுக வேலைநிறுத்தப் பட்டியலில் மாசிலாமணின்னு ஒரு பெயர் இருந்திருக்குமே, ஐயா. என் தம்பி. அப்படி யாரையும் பிடிக்கவே இல்லைன்னு எல்லா அலுவலகத்திலயும் சாதிச்சுட்டாங்க. அவனை என்ன செஞ்சீங்க?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிடிச்ச மறுநாளே சுட்டுட்டாங்கம்மா," என்றார்.

செங்கமலம் அந்த வரியையும் அடித்தாள். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால், இத்தனை வருஷமாக மகனுக்கும் சேர்த்தே உலை வைக்கும் அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.