செவந்தி குறித்த நாள்

கீழக்காட்டுத் தொடக்கப்பள்ளியில் சத்துணவு சமைக்கும் செவந்திக்கு ஒரே மகள், அல்லி. அவளுக்குக் காது கேட்காது. எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். அவளைப் பள்ளியில் சேர்க்கக் கேட்டபோது தலைமையாசிரியர் தெய்வசிகாமணி சிரித்தார்.

"மத்தப் பிள்ளைங்களோட சேர்ந்து நான் சொல்றதை உன் பொண்ணு செய்யட்டும். அன்னிக்கே சேர்த்துக்கிறேன்."

"சரிங்க சார். எந்த நாள்னு மட்டும் நான் சொல்றேன்."

"எந்த நாளா இருந்தா எனக்கென்ன?"

பத்து நாள் செவந்தி வாயே திறக்கவில்லை. பதினோராம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டது. வகுப்பின் தகரக் கூரை அதிர, அல்லியோடு வந்து நின்றாள்.

"இன்னிக்குத்தான் சார்."

சொன்ன சொல்லை மீற முடியாமல் தலைமையாசிரியர் தொண்டை கிழியக் கத்தினார்: "கரும்பலகையில ஒரு பூ வரையுங்க!"

முப்பது பிள்ளைகளும் "என்ன சார்?" என்று விழித்தார்கள். அல்லி மட்டும் முன்னே போய்ப் பூ வரைந்தாள்.

மழை சற்றுத் தணிந்ததும் அவர் சீறினார். "இந்தச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்?"

"அவளுக்கு வருஷம் முழுக்க இதே மழைதான் சார். முகத்தைக் காட்டிப் பேசினீங்கன்னா போதும்."

அவர் பதிவேட்டில் அல்லியின் பெயரை எழுதினார். மறுநாள் கரும்பலகையைப் பார்த்தபடி பாடத்தைத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று முதலிலிருந்து சொன்னார்.