சி டிரைவில் இடமில்லை

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அன்று மத்தியானம் மூன்று மணிக்குள் ஐந்து முறை கழற்றி வைத்தாயிற்று.

எதிரே கம்ப்யூட்டர். விண்டோஸ் ஏழு. யாரோ ஒரு பக்தர் தன் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஆசிரமத்தில் இறக்கிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டார். திரையில் சி டிரைவின் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பாக இருந்தது. நூற்று நாற்பத்தொன்பது ஜிபியில் மிச்சம் அறுநூற்று நாற்பது எம்பி.

அதுவும் காலையிலிருந்து பாடுபட்டுச் சேர்த்தது. குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். டிஸ்க் கிளீனப் ஓட்டினார். எப்போதோ செத்துப்போன பிரிண்டரின் மென்பொருளை நீக்கினார். யாரும் ஆடாத சீட்டாட்டத்தை நீக்கினார். கோடு சிவப்பாகவே இருந்தது.

கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மை பேசத் தொடங்குவார். பத்து மணிக்கு முடிப்பார். அதோடு ஒரு வருடம் மௌனம். அந்த நான்கு மணி நேரத்தைப் பதிவு செய்ய இரண்டரை ஜிபி வேண்டும். செல்போனை வாசல் கூடையில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வர முடியும். இந்த அறைக்கு இனி ஒரு பொருளும் வாங்கக் கூடாது என்பதும் அம்மையின் உத்தரவு. ஆக, பதிவு என்றால் இந்தப் பெட்டி ஒன்றுதான்.

அம்மை என்று ஊர் சொன்ன நாச்சியம்மைக்கு நாற்பத்தாறு வயது. கோமதிநாயகத்துக்கு அறுபத்தொன்பது. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற மறுவாரம் இங்கே வந்து சேர்ந்தவர். பதினொரு வருடமாக அம்மை பேசும்போதெல்லாம் கூடத்தை ஒட்டிய இந்தச் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூடத்தில் எல்லோரும் சிரித்தால் பச்சை சிவப்பாகும். “என்னத்துக்கு இப்படிக் கெக்கலிக்கிறானுவ” என்று திட்டிக்கொண்டே சத்தத்தைக் குறைப்பார்.

காலையில் தென்காசி சர்வீஸ் கடை எபநேசருக்கு ஆசிரமத்துப் போனிலிருந்து பேசிப் பார்த்தார்.

“எம்பி3 ஆக்கிருங்க சார். பத்துல ஒரு பங்குதான் இடம் பிடிக்கும்.”

“அம்மா குரலைப் பத்துல ஒண்ணு ஆக்கச் சொல்லுதியா? நீ நடத்துறது கம்ப்யூட்டர் கடையா, கசாப்புக் கடையா?”

போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

சமையற்கட்டிலிருந்து பேச்சியம்மாள் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, அதுக்கு இன்னும் வயித்தடைப்பு தீரலையா? விளக்கெண்ணெய் ஊத்திப் பாருங்களேன்.”

“காப்பியை வச்சிட்டுப் போ.”

“சூடா இருக்கு. உங்க அளவுக்கு இல்ல.”

அவள் திரும்புவதற்குள் அம்மை வாசலில் நின்றார்.

“பாத்திரம் கழுவுற இடம் வரைக்கும் உங்க சத்தம் கேக்குது, அண்ணாச்சி.”

“கேக்கட்டும்மா. இந்தச் சனியன் என் பிராணனை வாங்குது. நாளைக்கு உங்க பேச்சைப் பிடிக்க இடம் இல்ல.”

“உள்ள என்ன இருக்கு?”

“ரெண்டே ரெண்டு ஃபோல்டர். மத்ததெல்லாம் விண்டோஸ்.”

காட்டினார். ஒன்றின் பெயர் ‘அம்மா உரைகள்’. முந்நூற்று எண்பது பேச்சு, நூற்றுப் பதினான்கு ஜிபி. இன்னொன்றின் பெயர் ‘உலகநாதன் ஆதாரம்’. பதினெட்டு ஜிபி.

உலகநாதன் ஆறு வருடம் இந்தக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவன். இரண்டு வருடம் முன்பு சொல்லாமல் கிளம்பிப் போய்த் தென்காசியில் சொந்தமாக ஒரு ஞான சபை தொடங்கினான். வாரம் தவறாமல் யூடியூபில் வந்து அம்மையை ஏசினான். அத்தனையையும் கோமதிநாயகம் இறக்கி வைத்திருந்தார்.

“இதுல நாலஞ்சை அழிச்சா இடம் வந்துருமே?” என்றார் அம்மை.

“அது ஆதாரம்மா.”

“எதுக்கு?”

“நாளைப் பின்ன கேஸ் போட்டா வேணும்லா?”

“யாரு போடப்போறா?”

கண்ணாடி ஆறாவது முறையாக மேசைக்கு வந்தது.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இங்கயே உக்காந்திருக்கீங்க. அவன் வெளிய உங்களை என்னவெல்லாம் சொல்லுதான் தெரியுமா?”

“என்ன சொல்லுதான்?”

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தை மாசம் போட்டதுல, பன்னிரண்டாவது நிமிஷம். ‘அந்தம்மாளுக்குன்னு சொந்தமா ஒரு வரி கிடையாது. அத்தனையும் நான் எழுதிக் கொடுத்தது. என்ன, புரியுதா?’ சித்திரையில, நாலாவது நிமிஷம். ‘டைப்பிங் சொல்லிக் கொடுத்த பொம்பளைக்கு ஞானம் எங்கேருந்து வந்துச்சு? என்ன, புரியுதா?’ அதுக்கு அடுத்த வாரம்…”

சொல்லச் சொல்லக் குரல் கரகரத்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு செருமல். பின்னால் ஆள்காட்டி விரல் எழுந்து ஆடியது.

“ஆத்தாடி!” என்று வாசலில் நின்ற பேச்சியம்மாள் வாயில் கையை வைத்தாள். “அப்படியே உலகநாதன் வந்து உக்காந்த மாதிரில்லா இருக்கு!”

“உனக்கு இங்க என்ன வேலை?” என்று சீறினார். அவள் போய்விட்டாள்.

அம்மை சிரிக்கவில்லை. “போன வாரம் நான் என்ன பேசினேன், அண்ணாச்சி?”

கோமதிநாயகம் திரையைக் கையால் காட்டினார்.

“பதிவாயிருக்கும்மா.”

“முழுசா வேண்டாம். எதைப் பத்தின்னு மட்டும்.”

“போன வாரம் மைக்ல ஒரே இரைச்சல். நான் அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“என்னைப் பரீட்சை வைக்கீங்களா?” நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “பதினொரு வருஷம்! ஒரு பேச்சு விடாம, ஒரு இருமல் விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன். காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட வந்தேன். மக கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தம் முடிஞ்சு பந்தியில உக்காராம பஸ் ஏறி வந்தேன். இன்னைக்கு இடம் இல்லாம நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க கேள்வி கேக்கீங்க. எதை வைக்க, எதை அழிக்கன்னு நீங்களே உக்காந்து முடிவு பண்ணுங்க. நான் தொடல.”

“செய்யட்டுமா?”

“செய்யுங்க!”

அம்மை உட்கார்ந்தார். ஆசிரமத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். உலகநாதன் அதை ஒரு குற்றமாகச் சொன்ன பிறகுதான் ஊருக்கே அது தெரியும். விரல்கள் பார்க்காமலே விசைகளைத் தேடிக்கொண்டன.

மீடியா பிளேயரைத் திறந்தார். பட்டியலின் தலைப்பில் வலது கிளிக் செய்து ஒரு புதிய பத்தியைச் சேர்த்தார். எந்தக் கோப்பு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. அப்படி ஒரு கணக்கை இந்தப் பெட்டி வைத்திருக்கிறது என்பதே கோமதிநாயகத்துக்குத் தெரியாது.

‘உலகநாதன், தை’ என்ற வீடியோவுக்கு நேரே அறுபத்து மூன்று என்று இருந்தது. சித்திரை, நாற்பத்தொன்று. போன செவ்வாய்க்கிழமை போட்டது, அதற்குள் பதினேழு.

அம்மை பக்கத்தைக் கீழே தள்ளினார். ‘அம்மா உரைகள்’ வந்தது. சைபர். சைபர். சைபர். திரை நெடுக ஒரே சைபராகப் போனது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஒன்று என்று இருந்தது. அது ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்த்தது.

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு நாள் உக்காந்து கேப்போம்னுதாம்மா வச்சிருக்கேன்.”

விசை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பினார். ‘அம்மா உரைகள்’ ஃபோல்டர் திறந்திருந்தது. முந்நூற்று எண்பது கோப்பும் நீல நிறத்தில் இருந்தன. அம்மையின் இடது கை விரல் ஷிப்ட் விசை மேல்.

“அம்மா! ஷிப்டைப் பிடிச்சுக்கிட்டு டெலீட் அடிச்சா குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது!”

“தெரியும். நான்தான் நாலு ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன்.”

நிரந்தரமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றார் அம்மை.

பச்சை நிறத்தில் ஒரு கோடு ஓடி முடிந்தது. பதினொரு வருடத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இடம் வந்துருச்சு” என்றார் அம்மை. “நூத்திப் பதினாலு ஜிபி.”

கோமதிநாயகம் போட்ட சத்தம் ஆசிரமம் முழுவதும் கேட்டது.

“உங்க பேச்சை அழிச்சிட்டு அந்தப் பயலோடதை வச்சிருக்கீங்களே! இது என்ன நியாயம்?”

“தினமும் யார் பேச்சைக் கேக்கீங்களோ அவர்தானே உங்க குரு. அவரை அழிக்க நான் யாரு?”

“நானா? அந்தப் பயலையா? உங்களுக்காகத்தானே நான் அவன்கூட மல்லுக்கு நிக்கேன்! நீங்க ஒரு குருவா? அவன் சொன்னது சரிதான். ‘அந்தம்மா மனசு கருங்கல்லு’ன்னான். ஆடி மாசம், பதினேழாவது…”

நிமிஷம் என்ற சொல் வாய்க்குள் நின்றுவிட்டது. எழுந்திருந்த ஆள்காட்டி விரலைப் பார்த்தார். மடக்கிக்கொண்டார்.

அம்மை நாற்காலியை விட்டு எழுந்து, அவர் தொடாத காப்பியைக் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது. அவரே குடித்தார்.

கோமதிநாயகம் போனை எடுத்து எபநேசர் எண்ணை அழுத்தினார். அவசரத்தில் இரண்டு முறை தவறிப்போனது. நடந்ததைக் கத்திச் சொன்னார்.

“சார், சார், பதறாதீங்க” என்றான் எபநேசர். “அழிஞ்சது பேரு மட்டும்தான். சரக்கு உள்ளதான் கிடக்கும். அதுமேல வேற ஏதும் எழுதாம இருந்தா முக்காவாசி எடுத்துரலாம். உடனே மெஷினை ஆஃப் பண்ணுங்க.”

“பண்ணிட்டு?”

“நாளைக்கு நான் மதுரைக்குப் போறேன். நாளை மறுநாள் கொண்டாங்க. அதுவரைக்கும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஒரு எழுத்து புதுசா எழுதக் கூடாது. எது மேல போய் விழும்னு சொல்ல முடியாது.”

“இன்னொரு ஃபோல்டர் கிடக்கு. அதையாவது இப்பவே அழிச்சிடுதேன்.”

“எதையுமே தொடாதீங்க சார். அழிக்கவும் செய்யாதீங்க, திறக்கவும் செய்யாதீங்க.”

கோமதிநாயகம் குனிந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு விசிறிச் சத்தம் பதினொரு வருடமாக இருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

“இப்பத் திருப்தியா?” என்றார். ஒயர் கையிலேயே இருந்தது. “பழசு வேணும்னா நாளைக்கு இதைத் தொடக் கூடாது. நாளைக்குப் பேச்சு வேணும்னா பழசு போச்சு. பழசை விட மாட்டேன். நாளைக்குப் பதிவு கிடையாது. சொல்லிட்டேன்.”

“சரி.”

“என்ன சரி? ஒரு வருஷம் வாயைத் திறக்கப்போறதில்லைங்கீங்க. அதுக்கு முந்தின கடைசிப் பேச்சு. நாலு மணி நேரம். இந்தப் பெட்டியில இருக்காது. எங்கயும் இருக்காது. யார்கிட்டயும் இருக்காது!”

அம்மை காலி டம்ளரோடு வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி, நாளைக்கு நீங்க எங்கயாவது போறீங்களா?”