மேனேஜர் பங்களாவில் பூஜ்யம் ஆம்பியர்

மில்லில் கரண்டை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அம்பலவாணன் என்ற நிபுணர் வந்து இறங்கினார். பெயருக்குப் பின்னால் பட்டம் ஒரு முழம். கையில் கிளாம்ப் மீட்டர். அது வயரை வெட்டாமலே, சுற்றிக் கவ்வி, ஓடும் கரண்டு கிளப்புகிற காந்தத்தை வைத்து அளவு சொல்லும்.

தொழிலாளர் குடியிருப்புக்குப் போவது தனித்தனியாக இரண்டு பழைய வயர். ஒன்றைக் கவ்வினார். இருபது ஆம்பியர். மேனேஜர் பங்களாவுக்கோ இரண்டு வயரும் ஒரே உறைக்குள் ஓடும் புதுக் கேபிள். அதை மொத்தமாகக் கவ்வினார். பூஜ்யம்!

"பங்களா சொட்டுக் கரண்டு எடுக்கலை. தின்னு தீர்க்கிறது குடியிருப்புதான். அந்த லைனை வெட்டு!"

உத்தரவு வாங்கிய மில் எலக்ட்ரீஷியன் செல்லக்கனிக்கும் வீடு அந்தக் குடியிருப்பில்தான்.

"கேபிளைப் பிரிச்சு ஒரு தடவை பாத்துட்டு..."

"எனக்கே பாடமா? மீட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். அப்போ பங்களா ஃபியூஸ் சும்மாதானே கிடக்கு, கழட்டிடவா?"

"தாராளமா கழட்டு!"

கழற்றினாள். வேலை நேரத்தில் ஏ.சி.யில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மேனேஜர், வேர்த்து விறுவிறுத்து, அவிழ்ந்த வேட்டியைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"எந்த மடையன் ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னது?"

செல்லக்கனி நிபுணரைப் பணிவாகக் கைகாட்டினாள்.

"போற கரண்டையும் திரும்பி வர்ற கரண்டையும் சேர்த்துக் கவ்வினா, ஒண்ணோட காந்தத்தை இன்னொண்ணு அழிச்சிடும் சார். பூஜ்யம்தான் காட்டும்."

கேபிளின் உறையைப் பிரித்தாள். ஃபியூஸை மாட்டி, ஒற்றை வயரைக் கவ்வினாள். நாற்பத்தெட்டு ஆம்பியர்.

மீட்டரை நிபுணரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இப்போ மேனேஜர் முன்னாடியே சொல்லுங்க சார். எந்த லைனை வெட்டணும்?"