வயல் குடிசைக்கு வந்த காய்ச்சல்

அது பிளேக் வந்த வருஷம். அழுது அழுது ஊருக்கே கண்ணீர் வற்றிப்போயிருந்தது. நாச்சாயி வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாயங்காலம் எலி விழுந்து செத்தது. பிள்ளையாரின் வாகனமாயிற்றே, குப்பையில் வீச அவளுக்கு மனசு வரவில்லை. விளக்கு வைத்தபின் மண்ணைத் தோண்டவும் கூடாது. தன் கம்பளியால் அதை மூடி வைத்தாள். விடிந்ததும் மஞ்சள் தூவிப் புதைத்துவிட்டுத் தலைமுழுகினாள். சேலையைத் துவைத்தாள். கம்பளிக்குத் தீட்டில்லை என்பார்கள். அதை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

எலி விழுந்த வீட்டில் இருக்கக்கூடாதென்று அன்றே பூட்டிவிட்டு வயலில் ஓலைக்குடிசை போட்டார்கள். மகன் மாரப்பன், மருமகள் வெள்ளையம்மாள், தை மாதம் கல்யாணம் நிச்சயமான மகள் தெய்வானை, நாச்சாயி என்று நாலு பேர். மாரப்பன் தங்கைக்கு மட்டும் பிளேக் வராமலிருக்கச் சர்க்கார் ஊசி போட்டுக் கூட்டி வந்தான். பக்கத்துக் குடிசையில் ஒருவர் அக்குளில் கட்டியோடு கிடந்தார். இருமல் இல்லை. ஆனாலும் ஒருவரும் கிட்டே போகவில்லை. வெள்ளையம்மாள்தான் கஞ்சி ஊற்றினாள்.

மகளுக்குக் குளிருமே என்று நாச்சாயி கம்பளியைக் கொடுத்தாள்.

"ராத்திரியெல்லாம் சுருக்கு சுருக்குன்னு கடிக்குதும்மா."

"புது இடமல்லோ கண்ணு. முருகான்னு சொல்லிட்டுப் படு."

சில நாளில் தெய்வானைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. அவள் ஒருத்திக்குத்தான்.

மாரப்பன் மனைவி மேல் பாய்ந்தான். "ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்தி, நோயை வாங்கியாந்துட்டே. உங்க அப்பன் வீட்டுக்குப் போயிரு!"

"என் கையில வந்திருந்தா முதல்ல நானல்லங்க படுத்திருக்கோணும்? நீங்க போட்ட ஊசியை யாரு கேக்கறது?"

"சாமி, நான் என்ன குத்தம் பண்ணினேனோ" என்று நாச்சாயி தலையில் கை வைத்தாள். அவளுக்குச் சண்டையை விலக்கக்கூடத் தெம்பில்லை.

வெள்ளையம்மாள் துணிமூட்டையோடு வாசலில் நின்றாள்.

ஊசி போட்டவன், கஞ்சி ஊற்றியவள், எலியைப் புதைத்தவள். சொல்லுங்கள், இவர்களில் யார் கை வழியாக நோய் குடிசைக்குள் வந்தது?

விடை: நாச்சாயியின் கை வழியாக. செத்த எலியின் உடம்புச் சூடு ஆறினதும் அதிலிருக்கும் தெள்ளுப்பூச்சிகள் வேறு இடம் தேடும். அவை கம்பளிக்குள் புகுந்து தெய்வானையைக் கடித்தன. ஊசி நோயைத் தராது, உடனே முழுக்காவலும் ஆகிவிடாது. இருமல் இல்லாத கட்டிக்காரருக்குக் கஞ்சி ஊற்றினாலும் நோய் தொற்றாது. மருந்து தெளிக்க வந்த சர்க்கார் ஆள் கம்பளியை உதறித் தெள்ளுப்பூச்சிகளைக் காட்டினபோது நாச்சாயிக்கு விளங்கிற்று. தானே அதைத் தீயில் போட்டாள். மருமகள் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். இப்போது இந்த நோய்க்கு மருந்து உண்டு, காலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். அன்று சாமி ஒன்றுதான் கதி. கட்டி பழுத்து உடைந்து தெய்வானை எழுந்து உட்காரும்வரை அவளுக்குக் கஞ்சி ஊற்றியது வெள்ளையம்மாளின் கைதான்.